சார்ஜ் ஏறவில்லை, சூடாகிறது, உப்புகிறது: போன் பேட்டரிக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

காரைக்குடியில் செல்போன் பழுது பார்க்கும் தொழிலில் பதினேழு வருஷமாக இருக்கிறேன். "பேட்டரி போயிருச்சு, மாத்திக் குடுங்க" என்று என் மேசைக்கு வரும் போன்களில் நிறையவற்றுக்குப் பேட்டரியை மாற்ற வேண்டிய அவசியமே இருப்பதில்லை. சார்ஜ் செருகும் துளையில் அழுக்கு அடைத்திருக்கும், வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும், அவ்வளவுதான். அதே சமயம் பின்மூடி புடைத்துத் தூக்கி நிற்கிற போனை, "இன்னும் ஓடுது தம்பி" என்று மாசக்கணக்கில் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர்களும் வருகிறார்கள். முதலாவதில் காசுதான் வீணாகும். இரண்டாவதில் வீடே போகலாம்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், இருக்கிற ஊர் இது. பேட்டரி ஆராய்ச்சி என்றால் நாடு முழுவதும் காரைக்குடிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. இந்த ஊரிலேயே பேட்டரியால் ஒரு வீட்டில் தீக்காயம் என்று கேள்விப்பட்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அதனால்தான் கடையில் தினமும் வாயால் சொல்வதை எழுத்தில் வைக்கிறேன்.

உங்கள் போனின் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ நேராக அங்கே போங்கள். செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். ஒன்றே ஒன்று மட்டும்: போன் எங்காவது புடைத்திருந்தாலோ, நகப்பூச்சு மாதிரி இனிப்பான வாடை வந்தாலோ, மற்ற எதையும் படிக்காமல் "பின்மூடி தூக்கி நிற்கிறது" என்ற தலைப்புக்குப் போய்விடுங்கள்.

செருகினால் எதுவுமே காட்டவில்லை

முதலில் சுவரைப் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மரப்பெட்டியில் பதித்த சுவிட்ச் போர்டுகள் இன்னும் இருக்கின்றன. உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்து போயிருக்கும். சார்ஜரைச் செருகினால் தலை தொங்கிவிடும், தொடர்பு விட்டு விட்டு வரும். அதே பாயிண்டில் ஒரு நைட் லேம்ப்பை மாட்டிப் பாருங்கள். விளக்கு சிமிட்டினாலோ, சர்சர் என்று சத்தம் வந்தாலோ, பிளக் முள்ளில் கருப்பு படிந்திருந்தாலோ, அந்தப் பாயிண்டை அன்றே விட்டுவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். போனில் கோளாறே இல்லை.

பாயிண்ட் நன்றாக இருக்கிறதா? சரி, வீட்டில் இன்னொருவர் போனையும் அவருடைய சார்ஜரையும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டே மாற்றத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

உங்கள் சார்ஜரில் அவர் வயரைப் போட்டு உங்கள் போன் ஏறினால், உங்கள் வயர் போய்விட்டது. வயர் பெரும்பாலும் கழுத்துப் பக்கம்தான் அறும், வெளியே பார்த்தால் தெரியாது.

அவர் வயரிலும் ஏறாமல், அவர் சார்ஜருக்கு மாற்றியதும் ஏறினால், உங்கள் சார்ஜர் போய்விட்டது.

எதிலும் ஏறவில்லை என்றால் அடுத்தது துளை. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் என் கடைக்கு வரும் கோளாறுகளில் அதிகமானது இதுதான்.

வயரைச் செருகும்போது டக்கென்று உட்கார வேண்டும். உட்காராமல் உலோக விளிம்பு ஒரு மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால், உள்ளே அடியில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு போனின் டார்ச் வெளிச்சத்தை நேராகத் துளைக்குள் அடித்துப் பாருங்கள். சட்டைப்பை நூல் பஞ்சு வருஷக்கணக்கில் அமுங்கி அமுங்கிச் சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி ஆகியிருக்கும். கண்டாங்கிச் சேலை நெய்கிறவர் ஒருவர் போனில் நான் எடுத்த பஞ்சு, ஒரு உளுந்தம்பருப்பு அளவு உருண்டையாக வந்தது. அவர் அதற்குள் இரண்டு சார்ஜர் வாங்கி முடித்திருந்தார்.

சுத்தம் செய்யும் முறை: போனை முழுதாக அணையுங்கள். மரத்தில் செய்த பல் குத்தும் குச்சியின் முனையைப் பிளேடால் இன்னும் மெல்லியதாகச் சீவிக்கொள்ளுங்கள். டைப்-சி துளை என்றால் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும், அதில்தான் மின் தொடர்புக் கோடுகள் இருக்கின்றன. அதைத் தொடாமல், பக்கச் சுவரை ஒட்டிக் குச்சியை விட்டு மெதுவாக வெளியே இழுங்கள். ஊக்கு, ஊசி, சிம் எடுக்கும் பின் எதையும் விடாதீர்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

ஆத்தங்குடிப் பக்கம் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் போன் துளைக்குள் சேர்வது பஞ்சு இல்லை, சிமெண்டும் மணலும். கை ஈரம் பட்டதும் அது உள்ளேயே இறுகிவிடும். குச்சியால் நோண்டினால் நாக்கு உடையும். எங்களிடம் கொண்டு வாருங்கள், பூதக்கண்ணாடி வைத்துப் பொறுமையாக எடுக்கிறோம். வேலை நேரத்தில் போனை ஒரு ஜிப் பிளாஸ்டிக் பையில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

துளையும் சுத்தம், இன்னும் ஒன்றும் காட்டவில்லை. போன் பல நாள் அணைந்து கிடந்ததா? அப்படியானால் சார்ஜரில் மாட்டி அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். அடியோடு தீர்ந்த பேட்டரி, திரையில் படம் காட்டவே கொஞ்ச நேரம் எடுக்கும். ஒரு மணி நேரம் ஆகியும் உயிர் வரவில்லை என்றால் கடைக்கு வர வேண்டியதுதான். பேட்டரியாக இருக்கலாம், சார்ஜிங் போர்டாக இருக்கலாம், மெயின் போர்டாகவும் இருக்கலாம். திறந்து மீட்டர் வைக்காமல் யாராலும் சொல்ல முடியாது. கையில் வாங்கிய உடனேயே "மெயின் போர்டு போச்சு" என்று ஒருவர் சொன்னால், போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு இன்னொரு இடத்தில் காட்டுங்கள்.

வயரை ஆட்டினால், சாய்த்துப் பிடித்தால் மட்டும் ஏறுகிறது

மேலே சொன்ன வயர் மாற்றமும் துளைச் சுத்தமும் செய்தாயிற்றா? அப்படியும் இப்படியே இருந்தால் துளை தளர்ந்துவிட்டது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, புத்தகத்தை முட்டுக் கொடுத்து ஓட்டாதீர்கள். தளர்ந்த தொடர்பில் மின்சாரம் விட்டு விட்டுப் பாயும்போது அந்த இடம் சுடும், பிளாஸ்டிக் உருகும். நிறைய மாடல்களில் சார்ஜிங் போர்டு தனித் துண்டாக வருகிறது, மாற்றுவது பெரிய செலவில்லை. உருகி மெயின் போர்டு வரை போன பிறகு வந்தால்தான் பெரிய செலவு.

ஏறுகிறது, ஆனால் ரொம்ப மெதுவாக

பாதிப் பேருக்கு இது கோளாறே இல்லை. பேட்டரியின் கொள்ளளவை எம்ஏஎச் என்று போடுவார்கள். 5000 எம்ஏஎச் பேட்டரி என்பது சுமார் 19 வாட்-மணி. பழைய 5 வாட் சார்ஜரில் மாட்டினால் நாலரை, ஐந்து மணி நேரம் ஆகத்தான் செய்யும். டிவியின் பின்னால் இருக்கும் யூஎஸ்பி துளையில் மாட்டினால் இன்னும் அதிகம் ஆகும். சார்ஜர் மேல் பொடி எழுத்தில் வோல்ட், ஆம்பியர் போட்டிருக்கும், இரண்டையும் பெருக்கினால் வாட். போன் பெட்டியில் வந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாட் சரியாக இருந்தும் மெதுவாக ஏறினால் வயரைச் சந்தேகப்படுங்கள். மெல்லிய மலிவு வயர் வேகச் சார்ஜைத் தாங்காது.

80 சதவீதத்துக்கு மேல் நத்தையாக ஊர்வது இயல்பு. பேட்டரி நிறைய நிறைய, போனே மின்னோட்டத்தைக் குறைக்கும். 80-லேயே நின்றுவிட்டது என்று பதறி வருகிறவர்களும் உண்டு. அமைப்புகளில் பேட்டரிப் பாதுகாப்பு என்ற வசதி இயங்கிக்கொண்டிருக்கும், அதுதான் நிறுத்தி வைத்திருக்கிறது. அதை அணைக்காதீர்கள், நல்லதுக்குத்தான்.

சித்திரை, வைகாசி மத்தியானத்தில் மட்டும் மெதுவாக ஏறினால் போன் வெப்பத்தைப் பார்த்துத் தானே வேகத்தைக் குறைத்திருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அப்போது ஒழுங்காக ஏறினால் பழுது ஏதும் இல்லை.

எல்லா நேரமும் மெதுவாக, சரியான சார்ஜரிலும் மெதுவாக என்றால் அப்போது கடை.

கை வைக்க முடியாத சூடு

பேட்டரிக்கு வெப்பத்தைப் போல எதிரி வேறில்லை. பெரிய நிறுவனங்கள் போனைப் பயன்படுத்தச் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரைதான். நம் ஊர் கோடை அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். அதனால் செட்டிநாட்டுக்காரர்கள் இந்த விஷயத்தில் மற்ற ஊர்க்காரர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும்.

முதலில், சூடு எந்த இடத்தில் என்று விரலால் தொட்டுப் பாருங்கள். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், ஆனால் பெரும்பாலும் இப்படி இருக்கும்.

கேமரா பக்கம், மேல் பாதியில் சூடு: உள்ளே வேலை அதிகம் நடக்கிறது. வீடியோ கால், விளையாட்டு, ஹாட்ஸ்பாட். நிறுத்திப் பத்து நிமிஷம் பாருங்கள். தணிந்துவிட்டால் கவலை இல்லை. ஒன்றும் ஓடாமலே சூடானால் போனைச் சேஃப் மோடில், அதாவது நீங்கள் ஏற்றிய செயலிகள் ஓடாத நிலையில், போட்டுப் பாருங்கள். அதில் தணிந்தால், நீங்கள் கடைசியாக ஏற்றிய ஏதோ ஒரு செயலிதான் காரணம், ஒவ்வொன்றாக நீக்குங்கள். சேஃப் மோடிலும் சூடு என்றால் உள்பழுது, கொண்டு வாருங்கள்.

நடு முதுகில் பரவலாகச் சூடு: பேட்டரி. சார்ஜ் போடும்போது வெதுவெதுப்பு இருக்கும், அது சரி. சார்ஜ் போடாமல், சும்மா மேசைமேல் கிடக்கும்போது நடு முதுகு சுட்டால் அது சரியில்லை. அணைத்துவிட்டு அன்றைக்கே காட்டுங்கள்.

துளையைச் சுற்றி மட்டும் சூடு: மேலே சொன்ன தளர்ந்த துளை, அல்லது உள்ளே ஈரம். உடனே கழற்றுங்கள்.

சார்ஜர் சூடு: ஐந்து விநாடி கையில் பிடிக்க முடியாவிட்டால் அந்தச் சார்ஜர் வேண்டாம்.

அப்புறம், போன் எங்கே இருந்தது என்று யோசியுங்கள். பலகாரம் சுடும் நாளில் ஒரு வீட்டுக்கு நானே போயிருந்தேன். அடுப்பில் இருப்புச் சட்டி, எண்ணெயில் சீப்புச் சீடை வெந்துகொண்டிருக்கிறது. இரண்டடி தள்ளி மேடையில் ஆச்சியின் போன், சமையல் வீடியோ ஓடிக்கொண்டே, சார்ஜும் ஏறிக்கொண்டே, மேலே கனமான தோல் உறையோடு. மூன்று சூடு ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. "ஆச்சி, சார்ஜரை உருவிருங்க, உறையைக் கழட்டிருங்க, போனை அந்த ஜன்னல் பக்கம் வச்சிருங்க" என்றேன். பத்து நிமிஷத்தில் தணிந்துவிட்டது. முந்தின வாரம்தான் அதே போனுக்கு யாரோ பேட்டரி மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

மெத்தைமேல், தலையணைக்கு அடியில், கார் டேஷ்போர்டில், வெயிலில் ஓடும் பைக்கின் ஹேண்டில்பாரில் வைத்துச் சார்ஜ் போடுவதும் இதே கதைதான். சூடான போனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ஆத்தங்குடித் தளம் போட்ட வீடு என்றால் வேறெதுவும் வேண்டாம், உறையைக் கழற்றி நிழலில் வெறுந்தரையில் வையுங்கள், அந்தக் குளிர்ச்சியே போதும்.

காலையில் 100, மத்தியானம் 20

அமைப்புகளில் பேட்டரிப் பக்கத்தைத் திறந்தால் எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று வரிசையாகக் காட்டும். முதலிடத்தில் திரை என்றால் வெளிச்சத்தைக் குறையுங்கள். ஏதாவது ஒரு செயலி அளவுக்கு மீறி இருந்தால் அதை நீக்கிவிட்டு இரண்டு நாள் பாருங்கள்.

எதுவும் அதிகமாகத் தெரியவில்லையா? இரவுச் சோதனை ஒன்று செய்யுங்கள். செலவில்லை. முதல் நாள் படுக்கும்போது சதவீதத்தைக் குறித்துக்கொண்டு வழக்கம்போல் விடுங்கள், காலையில் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். மறுநாள் இரவு ஏரோப்ளேன் மோடில் போட்டு அதே மாதிரி பாருங்கள்.

முதல் இரவு 15, 20 குறைந்து, இரண்டாம் இரவு இரண்டு மூன்றுதான் குறைந்தது என்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. காரணம் சிக்னல்.

இரண்டு இரவும் 10-க்கு மேல் குறைந்தால் பேட்டரியோ போர்டோ கசிகிறது. கடைக்கு வாருங்கள்.

சிக்னல் விஷயத்தை நம் பக்கத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பெரிய வீடுகளின் சுவர் கனம் எல்லோருக்கும் தெரியும். முகப்பில் நாலு கோடு காட்டும் போன், வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குள் போனதும் ஒரு கோடாகிவிடும். டவர் எட்டாதபோது போன் தன் முழுச் சக்தியையும் போட்டுக் கத்திக்கொண்டே இருக்கும். சார்ஜ் இறங்குவதும் சூடாவதும் அதனால்தான். இரவு போனை முகப்புப் பக்கம் வையுங்கள். வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை காலிங்கை இயக்குங்கள். 5ஜி தடுமாறும் இடத்தில் 4ஜிக்கு மாற்றிவிடுங்கள். கோட்டையூரில் ஒரு பெரியவர் ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரி மாற்றிய பிறகு என்னிடம் வந்தார். அவருக்கு நான் மாற்றியது போன் வைக்கும் இடத்தை மட்டும்தான்.

தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்களுக்கும் இதே காரணம். ஊர் ஊராக டவர் மாறிக்கொண்டே இருக்கும், வீட்டுக்கு லொகேஷன் வேறு அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள். நடக்கும்போது ஏரோப்ளேன் மோடில் போட்டு, தங்கும் இடத்தில் எடுத்துவிடுங்கள். பவர் பேங்க்கும் லித்தியம் பேட்டரிதான் என்பதை மறக்க வேண்டாம். துணிமூட்டைக்குள் திணித்து, அதற்குள்ளேயே போனையும் மாட்டிச் சார்ஜ் போட்டால் இரண்டும் காற்றில்லாமல் வேகும். கையில் வைத்துப் போடுங்கள்.

30 சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடுகிறது

சார்ஜரில் மாட்டிய உடனே எழுந்து, மறுபடியும் அதே 30 சதவீதத்தைக் காட்டுகிறதா? கேமரா திறந்தால், பிளாஷ் அடித்தால் அணைகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. திடீரென்று அதிகம் இழுத்தால் கொடுக்க முடியாமல் சுருண்டுவிடுகிறது.

மாற்றுவதற்கு முன் ஒரே ஒருமுறை இதைச் செய்யலாம்: தானாக அணையும்வரை ஓட்டுங்கள், பிறகு நடுவில் எடுக்காமல் 100 வரை ஏற்றுங்கள். சதவீதக் கணக்கு மட்டும் தப்பியிருந்தால் அதிலேயே சரியாகும். இதை வாராவாரம் செய்கிறவர்கள் உண்டு. வேண்டாம், லித்தியம் பேட்டரிக்கு அடியோடு தீர்ப்பது கெடுதல்.

ஐபோனில் பேட்டரி ஹெல்த் என்று அமைப்புகளிலேயே சதவீதம் காட்டும். ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழுச் சுழற்சிக்கும், 15 முதல் 1000 சுழற்சிக்கும் 80 சதவீதக் கொள்ளளவைத் தாங்கும்படி செய்யப்பட்டவை என்று அந்த நிறுவனம் சொல்கிறது. ஒரு சுழற்சி என்பது ஒருமுறை சார்ஜ் போடுவது இல்லை. இன்று 50, நாளை 50 செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒன்று. நடு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் போட்டால் கெட்டுவிடும் என்பது பழைய காலப் பேட்டரிக்குச் சொன்னது, இன்றைக்குப் பொருந்தாது. 80-க்குக் கீழே வந்துவிட்டால் மாற்றிவிடலாம்.

பின்மூடி தூக்கி நிற்கிறது, திரை ஓரம் பிளந்திருக்கிறது

இதில் "முதலில் இதைச் செய்து பாருங்கள்" என்று எதுவும் கிடையாது. வீட்டில் செய்ய வேண்டியது அணைப்பது மட்டும்தான்.

சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு பார்வை: உறையைக் கழற்றி, போனைச் சமமான மேசையில் மல்லாக்க வைத்து ஓரத்தை விரலால் லேசாகச் சுண்டுங்கள். கேமரா மேடு இல்லாத பக்கமாகப் பார்க்க வேண்டும். நடுவில் குமிழ் விழுந்திருந்தால் பம்பரம் மாதிரி சுற்றும். திரை ஓரத்தில் உள் வெளிச்சம் கோடாகக் கசிந்தாலும், பக்கப் பட்டன் அழுத்த வராமல் போனாலும் அதுவேதான்.

உள்ளே திரவம் கெட்டு வாயுவாக மாறி அந்த மெல்லிய பையை ஊத வைக்கிறது. அந்த வாயு தீப்பிடிக்கும். ஆகையால்:

போனை அணையுங்கள், சார்ஜரைத் தொடாதீர்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். காற்றை எடுக்கிறேன் என்று ஊசியால் குத்தாதீர்கள். ஒரு பையன் யாரோ சொன்னார்கள் என்று சேப்டி பின்னால் குத்திவிட்டான். ஒரு விநாடி ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஊசி போன இடத்திலிருந்து வெள்ளைப் புகை நூல் மாதிரி வந்து, அடுத்த மூச்சில் முழுதாகப் பற்றிக்கொண்டது. விரல்கள் பிழைத்தது அவன் உதறிவிட்டதால்தான். அந்தக் கையோடு அவனைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

போனைத் துணி அலமாரியிலும் மர மேசையிலும் வைக்க வேண்டாம். நம் வீடுகளில் தலைக்கு மேலே பர்மா தேக்கு இருக்கிறது. வளவு முற்றத்தில், வெயில் படாத கல் தரையிலோ, ஒரு மண்சட்டியில் மணல் பரப்பி அதன்மேலோ வையுங்கள். அன்றைக்கே கடைக்குக் கொண்டு வாருங்கள். வரும்போது கால்சட்டைப் பையில் வேண்டாம். மூடி இறுக்கமில்லாத எவர்சில்வர் டப்பாவில் வைத்துக் கையில் எடுத்து வாருங்கள். பஸ் பார்சலிலோ கூரியரிலோ ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

ஒரு விஷயம் நம் ஊருக்கே உரியது. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பிள்ளைகள் புதுப் போன் அனுப்புவார்கள், பழையது பீரோவுக்குள் போய்விடும். வீடு பூட்டியே கிடக்கும். படைப்பு என்கிற முன்னோர் வழிபாட்டுக்கோ கல்யாணத்துக்கோ திறக்கும்போது பார்த்தால் போன் இரண்டாகப் பிளந்து கிடக்கும். உங்கள் வீட்டு பீரோவில் பழைய போன் இருந்தால் அடுத்த முறை திறக்கும்போது முதலில் அதை எடுத்துப் பாருங்கள். புடைக்காமல் இருந்து, வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், பாதி அளவு, அதாவது 50 சதவீதம் ஏற்றி, அணைத்து, குளுமையான இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி 50-க்கு ஏற்ற வேண்டும். அது முடியாது என்றால் வைத்திருக்காதீர்கள்.

புகை, தீ

ஆட்களை, முக்கியமாகக் குழந்தைகளை, அறையைவிட்டு வெளியேற்றுங்கள். சார்ஜில் இருந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். போனைக் கையால் எடுக்காதீர்கள். புகை நஞ்சு, சுவாசிக்கக் கூடாது, கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மின்சாரம் அணைந்தது உறுதி என்றால் எட்ட நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். லித்தியத்தில் தண்ணீர் படக்கூடாது என்று தயங்க வேண்டாம், போன் பேட்டரியைக் குளிர வைப்பதுதான் முக்கியம். தீ பக்கத்துப் பொருளுக்குத் தாவினால் நீங்கள் போராட வேண்டாம், வெளியே வந்து 101 அல்லது 112. கையில் சுட்டுவிட்டால் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், பிறகு மருத்துவமனை. அணைந்த பேட்டரி திரும்பவும் பற்றலாம். அதனால் முற்றத்திலேயே தண்ணீர் வாளிக்குள் கிடக்கட்டும், வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

தண்ணீரில் விழுந்துவிட்டது, அல்லது "ஈரம்" என்று எச்சரிக்கை வருகிறது

எச்சரிக்கை மட்டும் என்றால் எளிது. வயரைக் கழற்றி, துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் லேசாகத் தட்டுங்கள். அரை மணி நேரம் காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். முழுதாக உலர ஒரு நாள்கூட ஆகலாம். ஹேர் டிரையர் வேண்டாம்.

ஊருணியிலோ கிணற்றிலோ விழுந்த போன் என்றால், உடனே அணைத்து, சிம் தட்டை உருவி, துடைத்து, அப்படியே கொண்டு வாருங்கள். எழுகிறதா என்று பார்க்க ஒருமுறைகூட இயக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அரிசி டப்பாவில் புதைப்பதால் பயன் இல்லை, மாவும் தூசியும்தான் துளைக்குள் போகிறது. சோப்புத் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ என்றால் ஒரு மணி நேரத் தாமதம்கூடக் கெடுதல்.

சரி, பேட்டரி மாற்றியே ஆக வேண்டும்

போனுக்கு உத்தரவாதம் இருந்தால் நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போங்கள், என்னைப் போன்றவர்களிடம் வேண்டாம். நாங்கள் திறந்தால் உத்தரவாதம் போய்விடும்.

வெளியே மாற்றினால், பொருத்துவதற்கு முன் பேட்டரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கி எட்டு இலக்கம் கொண்ட பதிவு எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று காட்டும். இரண்டு நிமிஷ வேலை. பார்க்கக் கூடாது என்று கடைக்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய பேட்டரி அளவிலேயே இருந்துகொண்டு ஒன்றரை மடங்கு எம்ஏஎச் போட்டிருந்தால் அது பொய், அந்த இடத்துக்குள் அவ்வளவு சக்தியை அடைக்க முடியாது. தண்ணீர் புகாத போன் என்றால், திறந்த பிறகு அந்தப் பாதுகாப்பு பழையபடி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

பேட்டரி விலை, போனை இன்று விற்றால் கிடைக்கும் காசில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் மாற்றச் சொல்வதில்லை.

கழற்றிய பேட்டரியைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். வண்டிக்குள் அமுக்கும்போது நசுங்கிப் பற்றும், குப்பை பிரிக்கிறவர்கள் கையில் வெடிக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. சேவை மையத்தில் கொடுங்கள், அல்லது மாற்றிய கடையிலேயே விட்டுவிட்டு எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். என் கடையில் முனைகளுக்கு டேப் ஒட்டி, மணல் போட்ட இரும்பு வாளியில் வாசல் ஓரமாக வைக்கிறோம். சேகரிக்கிறவர் வந்து எடுத்துப் போகும்வரை அதன் பக்கத்தில் வேறெதையும் வைப்பதில்லை.